குமிழி நடுவில் நின்றது

ஏழாவது படம் மீன்கொத்தி. மீன்கொத்தி வாயில் மீன், மீன் வாலில் ஒரு சொட்டுத் தண்ணீர். சிவசைலம் வழக்கம்போல எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைக்கு நாலடி தள்ளி நின்று பார்த்தார். பார்க்கிறார் என்றுதான் அறையிலிருந்த இருபது பேரும் நினைத்திருப்பார்கள். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் பதினோரு படம் தாண்டினால் பத்தொன்பது. படத்துக்கு மூன்று நிமிஷம் என்றால் முப்பத்து மூன்று நிமிஷம். அவருக்கு அந்த எண்ணே தெரிந்திருக்கக் கூடாது. பொருநைப் புகைப்படக் கழகத்தின் சட்டம் அப்படி: படத்தில் பெயர் இருக்காது, எண்ணும் தலைப்பும் மட்டும். நடுவர் குறை நிறை சொல்லி மார்க் போடும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. போட்ட பிறகு, மார்க் பத்தானாலும் சரி, இரண்டானாலும் சரி, இருந்த இடத்திலிருந்தே 'நன்றி' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்த பிறகுதான் செயலாளர் மீரான் அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்துவார். பதினோரு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்து ஓவிய அறையில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, இந்தச் சட்டம் ஒரு நாளும் மீறப்பட்டதில்லை. இன்றைக்கு மாடிப்படியில் வைத்து ஹெப்சிபா மீறிவிட்டாள். பாவம், அவளுக்குச் சட்டம் எங்கே தெரியும்? "அண்ணாச்சி, அவுக படம் பத்தொம்பதாம் நம்பராம், மீரான் தம்பி சொல்லுச்சு" என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "சொல்லக் கூடாதோ?" என்று கேட்டாள். கையில் கணவர் ஆசீரின் நோட்டு. நீல அட்டை போட்ட, நாற்பது பக்க நோட்டு. "எப்பவும் போலயே சொல்லணும், அண்ணாச்சி. செத்துப்போனவுகன்னு மார்க்க கூட்டிப் போட்டுறாதீய. அவுக சொல்லிட்டுப் போயிருக்காவ. நீங்க சொல்லச் சொல்ல நான் இதுல எழுதணும்." இப்போது இரண்டாவது வரிசையில், ஆசீர் உட்காரும் அதே நாற்காலியில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மீன் நல்லாருக்கு. மீன்கொத்தியும் நல்லாருக்கு. பின்னால இருக்க பிளாஸ்டிக் குடந்தான் ரெண்டையும் தின்னுட்டு" என்றது அவருடைய வாய். எல்லாரும் சிரித்தார்கள். ஆறு மார்க். "நன்றி" என்றார் பல் டாக்டர், ஒரு பல்லைப் பிடுங்கிக் கொடுத்தவர் போல. வாய் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பதினோரு வருஷப் பழக்கம். அதற்கு முன்னால் முப்பத்து நாலு வருஷம் பொதுப்பணித் துறையில் வரைபட மேசை. கோடு என்றால் கோடு, நேர் என்றால் நேர். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பந்தலில் எந்தக் கால் சாய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். அடுத்தவர் வீட்டுக் காலண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் ஆசீருக்கு அது பிடித்திருந்தது. ஆசீர் துரைராஜ், பஸ் டெப்போவில் டைம் கீப்பர், ஒரு நிமிஷம் பிந்தினால் சிவப்பு மையில் எழுதுகிற ஆள், படத்தைத் தூக்கிக்கொண்டு இந்த மாடிக்கு முதன்முதல் வந்த அன்றே சொன்னார்: "வீட்டுல எதக் காட்டுனாலும் சூப்பர்ங்காவ, அண்ணாச்சி. டெப்போலயும் சூப்பர்ங்கான். எவனும் பாக்கல. குத்தம் சொல்லணும்னா ஒருத்தன் நின்னு பாக்கணும்லா? நீங்க நின்னு பாக்கீய." அதைக் கேட்டு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னார். நின்று பார்க்கிறேனாம். எட்டாவது படம் வந்து நின்றது. மயில். மயிலைப் பற்றி ஒரு வார்த்தை, தோகையைப் பற்றி ஒரு வார்த்தை. நின்று பார்த்தேன். ஆமாம், நின்று பார்த்தேன், பார்க்காமல் இருந்திருந்தால் இப்போது நெஞ்சுக்குள் இந்தக் கல் கிடக்காது. கண்ணில்லாதவனை யார் குறை சொல்லப் போகிறார்கள்? கண்ணிருந்தும் குருடானவனைத்தான் சொல்ல வேண்டும்.

மார்ச்சில் சாய்வு லேசாகத்தான் இருந்தது. போன வருஷம் மார்ச். குறுக்குத்துறை ஆற்றுப் படம். மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் கோடு இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. "தண்ணி இடது பக்கமா வடியுது" என்றார். ஆசீர் எழுதிக்கொண்டார். ஏப்ரலில் விளக்குக் கம்பம். மேயில் ஊசிக்கோபுரம், இருநூறு வருஷமாக நிமிர்ந்து நிற்கிற கோபுரம், ஆசீர் கேமராவில் மட்டும் இடப்பக்கம் காது கொடுத்துக் கேட்பதுபோல் சாய்ந்திருந்தது. ஜூனில் இன்னும் கொஞ்சம். மாதாமாதம் கூடியது. அவருக்கு எரிச்சலும் கூடவே கூடியது. சொன்னதைத் திருத்திக்கொள்ளாத ஆள் மேல் வருகிற எரிச்சல். ஜூலையில் டெப்போ வரிசைப் படம் வந்தபோது, பேர் தெரியாது என்ற பாவனையில், எல்லார் முன்னாலும், "இத எடுத்தவரு தரையில நின்னு எடுத்தாரா, பஸ் படிக்கட்டுல தொங்கிட்டு எடுத்தாரா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. அதில் உரக்கச் சிரித்தவர் ஆசீர்தான். சிரித்துவிட்டுத் தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, மீதியைக் கேட்கத் தயாராக உட்கார்ந்தார். அந்தச் சாய்த்த தலை. பணிவு என்று நினைத்தார் சிவசைலம். ஐம்பத்து நாலு வயசிலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிற அடக்கம் என்று நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். சட்டையின் இடது தோளில் மாதாமாதம் ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் பார்த்தார். மாடிப்படியின் சுவரில் உரசிக்கொண்டு ஏறினால்தான் அப்படி ஒட்டும். "என்ன வே, சுவத்துக்கு முட்டுக் குடுத்துட்டா வாறீரு?" என்று அதற்கும் ஒரு கேலி. சாய்ந்த படம், சாய்ந்த தலை, சுண்ணாம்புத் தோள். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்த கண்ணுக்கு மூன்றையும் கூட்டத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கூட்டிவிடும்.

பதினோராவது படம் கிழவி முகம். சுருக்கம் விழுந்த கிழவி முகம் இல்லாமல் இந்த ஜில்லாவில் ஒரு போட்டி நடந்ததில்லை; கிழவிகள் இல்லாவிட்டால் கழகத்தையே மூட வேண்டியதுதான். இந்தக் கேலியை அவர் ஆறு தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிற்று. "கண்ணுல வெளிச்சம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். "ஏழு." நன்றி. பன்னிரண்டு. நன்றி. பதின்மூன்று, யாரோ வீட்டு மாடியில் காயும் மிளகாய் வற்றல், கோடு நேராக இருக்கிறது, நேராக இருக்கிறதா, நேராகத்தான் இருக்கிறது, நேராக இருந்து என்ன? ரசமட்டம் வாங்கச் சொன்னது அதே ஜூலையில்தான். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதிலேயே கேமரா தலையில் மாட்டுகிற மாதிரி தாயக்கட்டை அளவில் ஒன்று வருகிறது. குமிழி நடுவில் நின்றால் கேமரா நேர். ஆசீர் மறுவாரமே வாங்கிவிட்டார். ஆகஸ்டில் ஒரு காலையில் போன். சிவசைலம் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அந்த ஈரத் துண்டின் வாடைகூட இன்னும் மறக்கவில்லை. "அண்ணாச்சி, இந்த ரசமட்டம் டூப்ளிகேட்டா இருக்குமோ? குமிழி நடுவுல நிக்கி. ஆனா எனக்கு எல்லாம் சாஞ்சு தெரியுது. எனக்கு நேராத் தெரியறப்ப குமிழி ஓரத்துக்கு ஓடிருது." மனுஷன் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு உலகம் சாய்ந்து தெரிகிறது என்று ஒருவன் காலங்காத்தாலே போன் பண்ணிச் சொல்கிறான். கேட்டவன் என்ன சொல்ல வேண்டும்? டாக்டரிடம் போ என்று சொல்ல வேண்டும். கண்ணையாவது காட்டு என்று சொல்ல வேண்டும். சிவசைலம் சொன்னார்: "குமிழிய நம்பும் வே. கண்ணு பொய் சொல்லும், குமிழி சொல்லாது." சொன்ன அழகில் அவருக்கே ஒரு மயக்கம். கழகத்திலும் வந்து சொன்னார். மீரான் அதைக் கரும்பலகையில் எழுதிப் படம்பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார். இப்போதும் கரும்பலகையின் மேல் மூலையில் அது அழியாமல்தான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆசீர் குமிழியை நம்பினார். கண்ணை நம்புவதை விட்டுவிட்டார். செப்டம்பரிலிருந்து அவர் படமெல்லாம் நூல் பிடித்ததுபோல வந்தது. டிசம்பரில் சுலோச்சன முதலியார் பாலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வளைவு வளைவாக, தண்ணீருக்கு மேல், ஒரு மயிரிழை பிசகாமல். "இப்பப் பாருங்க, தாமிரபரணியே நிமிந்துட்டு" என்று சொல்லி ஒன்பது மார்க் போட்டார். ஆண்டுப் பரிசும் அதற்குத்தான். ஒரு விமர்சனம் பலித்தது என்று அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினார். பலித்தது. எப்படிப் பலித்தது? படத்திலிருந்த சாய்வைத் துடைத்துவிட்டது. ஆசீருக்குள் இருந்த சாய்வு அங்கேயே இருந்து வளர்ந்தது. வெளியே தெரிந்த ஒரே அடையாளத்தை அடைத்து, சுண்ணாம்பு பூசி, பரிசும் கொடுத்தாயிற்று. ஜனவரியில் ஆசீர் டெப்போவில் நின்ற நிலையில் விழுந்தார். இடது காதுக்குப் பின்னால், சமநிலையைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. மதுரையில் ஆபரேஷன். பார்க்கப் போனபோது ஆசுபத்திரி வராந்தாவில் வைத்து ஹெப்சிபா சொன்னாள்: "ஆறு மாசம் முந்தி வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும், எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு, அண்ணாச்சி. ஒரு அறிகுறியுமா இல்ல, வீட்டுல யாருமா கவனிக்கலன்னு என்னையப் பாத்துக் கேக்காரு. நான் கவனிக்கலையே. கூடவே இருந்தேனே." அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவள் கையில் பழச்சாறு டம்ளர் இருந்தது, ஒரு நர்ஸ் குறுக்கே போனாள், லிப்ட் திறந்தது. அவர் "எல்லாம் சரியாயிரும், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் நுழைந்துகொண்டார். ஏப்ரலில் அடக்கம். இரண்டு மாதமாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான் ஏன் கவனிக்கவில்லை, நான் ஏன் கவனிக்கவில்லை என்று. கவனித்தவன் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறான்.

சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? பதினைந்தாவது படம் போகிறது, பதினாறு போகிறது, ரயில் பாலம், ஐந்து, நன்றி. ஒருத்தருக்கும் தெரியாது. நான் என்ன டாக்டரா? படம் வரைகிற ஆபீசில் இருந்தவன். சாய்வைக் கண்டால் சாய்வு என்று சொல்வதுதான் நடுவர் வேலை. படத்தைத்தான் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம்? ஆளைப் பார்த்து மார்க் போடுகிற கழகங்கள் என்ன ஆயின என்று தெரியாதா? ஆனால் அந்த நோட்டு. அவர் சொன்னதையெல்லாம் ஆசீர் தேதி போட்டு எழுதி வைத்த நோட்டு. இடது, இடது, இடது என்று மாதாமாதம். எந்த ஆசுபத்திரியிலும் இல்லாத ஒரு கணக்கு, அவருடைய சொந்த வார்த்தையில், அந்த அம்மாள் மடியில் கிடக்கிறது. அவள் இன்னும் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் படத்தைப் பற்றிய பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வாள். ஆசீர்? ஆசீருக்குக் கடைசியில் புரிந்திருக்குமா? படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, குமிழிய நம்பும் வே, குமிழிய நம்பும் வே என்று நினைத்திருப்பாரா? புரிந்ததனால்தான் அந்தப் பத்தொன்பதாம் படத்தை எடுத்தாரா? அல்லது மார்க் வாங்க வேண்டும் என்ற ஆசையில், வழக்கம்போல, மாதப் போட்டிக்கு ஒரு படம்? இதற்கு மட்டும் ஒரு விடை கிடைத்தால் போதும். கிடைக்காது. வெளியே சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ஜன்னல் திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. பதினெட்டு, கோயில் யானை. யானையைப் பற்றி என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "நன்றி" என்று ஒரு குரல் வந்தது, மீரான் பொத்தானை அழுத்தினார்.

பத்தொன்பது. தலைப்பு: எனக்கு நேர். ஒரு வீட்டு ஜன்னல். ஜன்னல் திண்டில் ஒரு கண்ணாடிச் சொம்பு, பாதித் தண்ணீர். பக்கத்தில் ஹெப்சிபா, நீலப் புடவை, கையில் மாத்திரை அட்டை, கேமராவைப் பார்த்து 'இது எதுக்கு இப்போ' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. எல்லாம் சாய்ந்திருந்தது. ஜன்னல் கம்பி சாய்ந்திருந்தது, சுவர் சாய்ந்திருந்தது, சொம்புக்குள் தண்ணீர் இடப்பக்கம் இறங்கிப் பள்ளத்துக்கு ஓடப் போவதுபோல நின்றது. பழைய சாய்வெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பின்வரிசையில் யாரோ 'ச்சு' என்றார்கள். "ரசமட்டத்தக் கழட்டி வச்சிட்டுத்தான் எடுத்தாவ" என்று ஹெப்சிபா மெதுவாகச் சொன்னாள்; வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "இது அண்ணாச்சிக்குன்னாவ." சிவசைலம் திரைக்கு நாலடி தள்ளி நின்றார். நின்று பார்த்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தலையை இடது தோள் பக்கமாகச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கழுத்து வலித்த இடத்தில் ஜன்னல் நிமிர்ந்தது. தண்ணீர் சொம்புக்குள் அடங்கியது. ஹெப்சிபா நேராக நின்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இரண்டாவது வரிசை நாற்காலியில், இதே சாய்வில் தலையை வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் அவருடைய கேலியைக் கேட்டுக்கொண்டிருந்தவருடைய உலகம் இதுதான். நல்ல படம். ஐயோ, எவ்வளவு நல்ல படம்.

"படத்துல வெளிச்சம் நல்லாருக்கு" என்று வாய் தன் பழக்கத்தில் ஆரம்பித்தது. அதை அவர் நிறுத்தினார். "சாஞ்சிருக்கு. இத எடுத்தவரு போன வருஷம் மார்ச்லேருந்தே சாச்சுத்தான் எடுத்தாரு. மாசாமாசம் கூடிக்கிட்டே வந்துது. நான் பாத்தேன். வேற யாரும் பாக்கல, நான் பாத்தேன். ரெண்டு ரெண்டு மார்க்கா குறைச்சேன், கேலி பண்ணுனேன். எனக்குச் சாஞ்சு தெரியுதுன்னு அவரே எங்கிட்ட போன் பண்ணிச் சொன்னாரு. டாக்டர்ட்டப் போவும்னு சொல்லல. குமிழிய நம்பச் சொன்னேன். ஆகஸ்ட் மாசம் அது." திரும்பி அவளைப் பார்த்தார். "தங்கச்சி, டாக்டர் கேட்டாருல்லா, யாருமா கவனிக்கலன்னு. நீ இல்ல. நாந்தான்."

ஹெப்சிபா நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே என்ற ஒரே பிடிப்பில், "எந்தப் பக்கம்னு எழுதணும், அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்."

எழுதினாள். எழுதிவிட்டு ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். பிறகு இன்னொரு பக்கம். அவளுடைய விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர், நவம்பர், ஆகஸ்ட். ஜூலையில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஜூன், மே, ஏப்ரல். "மார்ச்லயும் இடதுன்னுதான் எழுதிருக்காவ" என்றாள், யாரிடமும் இல்லாமல். விரல் மெல்ல உயர்ந்து தன் இடது காதுக்குப் பின்னால் போய், அங்கே தொட்டுப் பார்த்தது.

என்ன செய்வதென்று தெரியாத மீரான் தெரிந்ததைச் செய்தார். "மார்க், அண்ணாச்சி?" என்றார்.

"எட்டு" என்றார் சிவசைலம். "சாய்வுக்கு ரெண்டு குறைவு."

மார்க் சொல்லியாயிற்று. இனி ஒரு சொல் வர வேண்டும். மீரானின் விரல் பொத்தான் மேல் இருந்தது, அழுத்தவில்லை. ஹெப்சிபா நோட்டை மூடினாள். பேனாவை மூடினாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, திரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த தன்னையே பார்த்திருந்தாள். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.